லே கத்ர் சான் கூ (திரைப்படம்)

லே கத்ர் சான் கூ என்பது 1959 ஆம் ஆண்டு வெளிவந்த பிரெஞ்சு மொழித் திரைப்படமாகும். பிரான்சுவா துரூஃபோ இயக்கிய முதல் முழுநீளப் படம் இதுவே. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது த 400 புளோஸ் என்ற பெயரில் அறியப்படுகின்றது. பாரிசு நகரில் வாழும் அந்துவான் துவானெல் என்னும் பள்ளிச் சிறுவன் வீட்டிலும் பள்ளியிலும் இடமின்றிப் போய், சிறு சிறு பொய்களும் திருட்டுகளுமாக நகர்ந்து, முடிவில் சிறார் கண்காணிப்பு மையம் ஒன்றில் அடைக்கப்படுவதை இப்படம் சித்தரிக்கின்றது. கறுப்பு வெள்ளையில் அகலத்திரை வடிவில் எடுக்கப்பட்ட இப்படம் ஏறத்தாழ 99 நிமிடங்கள் ஓடக்கூடியது. 1959 கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குனருக்கான விருதை இது துரூஃபோவுக்குப் பெற்றுத்தந்தது. பிரெஞ்சுத் திரைப்பட வரலாற்றில் புதிய அலை என வழங்கப்படும் இயக்கத்தை உலகறியச் செய்த படங்களுள் இது முதன்மையானது.

தலைப்பு

படத்தின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "நானூறு அடிகள்" என வரும். ஆங்கிலத் தலைப்பு அவ்வாறே பெயர்க்கப்பட்டது. இதனால் சிறுவன் ஒருவன் வாங்கும் அடிகளைப் பற்றிய படம் இது எனப் பலரும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் இது ஒரு பிரெஞ்சு மரபுத்தொடரின் பகுதியாகும். "நானூறு கூ செய்தல்" என்றால் கட்டுக்கடங்காமல் திரிதல், எல்லா வகைச் சேட்டைகளையும் செய்து தீர்த்தல் என்று பொருள். கூ என்னும் சொல் அடியையும் குறிக்கும், வெடியையும் குறிக்கும், தந்திரச் செயலையும் குறிக்கும். 1621 இல் மோந்தோபான் நகரை முற்றுகையிட்ட மன்னர் பதின்மூன்றாம் லூயி அந்நகர் மீது நானூறு பீரங்கிக் குண்டுகளைச் சுடச்செய்தார் என்றும், அதிலிருந்து இத்தொடர் பிறந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது.

தமிழில் "400 அடிகள்" என்று எழுதினால் குழப்பம் மேலும் கூடும். நீள அளவையும் அதே சொல்லால் குறிக்கிறோம் அல்லவா. "அட்டகாசம்" என்பது பொருளளவில் நெருங்கி வரும் சொல். எனினும் படத்தின் தொனிக்கு அது சற்று உல்லாசமானது. எனவே இக்கட்டுரையில் மூலத் தலைப்பே பயன்படுத்தப்பட்டுள்ளது.

கதைச்சுருக்கம்

(இப்பகுதியில் படத்தின் முடிவும் விவரிக்கப்பட்டுள்ளது.)

வகுப்பறையில் மாணவர்களிடையே கைமாறி வரும் பெண் படம் ஒன்று அந்துவானின் கைக்கு வரும்போது ஆசிரியர் பார்த்துவிடுகிறார். தண்டனையாக மூலையில் நிறுத்தப்படும் அவன் தனக்கு நேர்ந்த அநீதியைச் சுவரில் எழுதிவைக்கிறான். அதற்கு மேலும் ஒரு தண்டனை கிடைக்கின்றது. ஒரு சிறு குற்றத்துக்குரிய தண்டனை அடுத்த குற்றத்தைத் தோற்றுவிக்கும் இந்த வரிசைமுறையே படம் முழுவதும் தொடர்கின்றது.

வீடு மிகச் சிறியது. நுழைவாயிலை ஒட்டிய இடுக்கில் அந்துவான் உறங்குகிறான். குப்பை வாளியைக் கீழே கொண்டு சென்று கொட்டுவது அவன் வேலை. தாய் சில்பெர்த் அவனிடம் எரிச்சலுடன் பேசுகிறார். கணவர் சூலியன் கலகலப்பானவர். ஆனால் அவர் அவனைப் பெற்ற தந்தை அல்லர். மறுநாள் அந்துவானும் நண்பன் ரெனேயும் பள்ளிக்குச் செல்லாமல் ஊர் சுற்றுகின்றனர். கேளிக்கைத் திடலில் ரோட்டர் எனப்படும் சுழலும் உருளைக்குள் அந்துவான் ஏறுகிறான். உருளை வேகமெடுக்கும்போது அவன் சுவரோடு ஒட்டிக்கொள்கிறான்; காலடித் தளம் கீழிறங்கினாலும் விழுவதில்லை. அந்த உருளை, உள்ளே வரையப்பட்ட உருவங்களை ஓடவைத்துக் காட்டும் பழைய விளையாட்டுப் பொருளை ஒத்திருப்பது தற்செயல் அன்று எனலாம். அதே நாளில், தாய் வேறொருவரைத் தெருவில் முத்தமிடுவதை அவன் கண்டுவிடுகிறான்.

அடுத்த நாள் வராததற்குக் காரணம் கேட்கும் ஆசிரியரிடம் அம்மா இறந்துவிட்டார் என்கிறான். பொய் வெளிப்பட்டு, வகுப்பின் முன்னிலையில் சூலியனிடம் அறை வாங்குகிறான். வீடு திரும்ப அஞ்சி ஓர் இரவை அச்சகத்தில் கழிக்கிறான். பசிக்கு ஒரு புட்டிப் பாலைத் திருடிக் குடிக்கிறான். தான் கணவரை ஏமாற்றுவதை மகன் பார்த்துவிட்டான் என்பதை அறிந்த தாய் அவனிடம் திடீரென அன்பு காட்டத் தொடங்குகிறார். கட்டுரைத் தேர்வில் முதல் ஐவருள் ஒருவனாக வந்தால் பணம் தருவதாகவும் கூறுகிறார். பால்சாக்கின் நாவலில் மனம் பறிகொடுத்திருந்த அந்துவான் அவருக்கு ஒரு சிறு மாடம் அமைத்து மெழுகுதிரி ஏற்றுகிறான். அது தீப்பற்றிக்கொள்கின்றது. தேர்விலும் பால்சாக்கின் பத்தியை ஏறத்தாழ அப்படியே எழுதிவிடுவதால், திருடி எழுதினான் என்று பழிக்கப்படுகிறான். அவனைப் பொறுத்தவரை அது வணக்கம். ஆசிரியருக்கு அது களவு.

பள்ளியை விட்டு ஓடி ரெனேயின் வீட்டில் மறைந்து வாழும் அந்துவான், பணத்திற்காகச் சூலியனின் அலுவலகத்திலிருந்து ஒரு தட்டச்சுப் பொறியைத் திருடுகிறான். அதை விற்க முடியவில்லை. திருப்பி வைக்கச் செல்லும்போது பிடிபடுகிறான். சூலியனே அவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். பெரியவர்களுடன் ஒரே கூண்டில் அடைக்கப்பட்டு, காவல் வண்டியின் கம்பிகளுக்கு ஊடாக இரவு நேரப் பாரிசைப் பார்த்துக்கொண்டே செல்லும் அவன் கண்களில் நீர் வழிகின்றது. அவன் அழுவதைப் படம் காட்டுவது இங்குதான். நீதிபதியிடம் பேசும் தாய், அனுப்பும் இடம் கடலோரமாக இருந்தால் நல்லது என்கிறார்.

கண்காணிப்பு மையத்தில் உளவியலாளர் அவனை வினவுகிறார். தாய் பார்க்க வந்து, இனி அவனை வீட்டில் ஏற்கப்போவதில்லை எனத் தெரிவிக்கிறார். மிதிவண்டியில் வந்த ரெனேவுக்கு உள்ளே வர அனுமதி கிடைக்கவில்லை. கால்பந்து ஆட்டத்தின் நடுவே வேலிக்கு அடியில் புகுந்து அந்துவான் ஓடுகிறான். இதுவரை கண்டிராத கடலை அடைகிறான். அலையில் கால் நனைத்தபின் திரும்பிப் பார்வையாளரை நோக்குகிறான். அவன் முகத்தில் படம் உறைந்து நிற்கின்றது.

உருவாக்கம்

திரைக்கதையைத் துரூஃபோவும் மார்செல் மூசியும் இணைந்து எழுதினர். அந்துவான் வீட்டை விட்டு ஓடும் கதையைக் குறும்படமாக எடுக்கவே துரூஃபோ முதலில் எண்ணியிருந்தார். சிறுவர்களைப் பற்றிய பல குறும்படங்களின் தொகுப்பாக வரவிருந்த திட்டத்தில் லே மிஸ்தோன் என்ற குறும்படம் மட்டும் 1957 இல் எடுக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் மதலேன் மார்கென்ஸ்டெர்னை மணந்தார். மதலேனின் தந்தை கோசினோர் என்னும் திரைப்பட விநியோக நிறுவனத்தை நடத்தி வந்தவர். பிரெஞ்சு வணிகத் திரையுலகைக் கடுமையாகச் சாடி வந்த மருமகனின் முதல் படத்திற்கு அவரே பண உதவி செய்தார்.

அந்துவானாக நடித்த சான்பியர் லியோ அப்போது பதினான்கு வயது நிரம்பியவர். செய்தித்தாள் விளம்பரத்தின் வழி வந்த சிறுவர்கள் பலருள் அவர் ஒருவர். உறைவிடப் பள்ளியில் அடங்காத மாணவர் எனப் பெயர் எடுத்திருந்தார். அவருடைய துடுக்கான இயல்பிற்கேற்ப, முதலில் கூச்ச சுபாவம் கொண்டவனாக எழுதப்பட்டிருந்த அந்துவான் மாற்றியமைக்கப்பட்டான். தாயாகக் கிளேர் மோரியேவும், சூலியனாக அல்பேர் ரேமியும், ரெனேயாகப் பத்ரிக் ஒஃபேயும், ஆசிரியராகக் கி தெகோம்பிளும் நடித்தனர். நடிகை சான் மோரோ ஒரு சிறு காட்சியில் தம் நாயைத் தேடுபவராக வந்துபோகிறார். ரோட்டர் காட்சியில் துரூஃபோவும் தோன்றுகிறார்.

படப்பிடிப்பு 1958 நவம்பர் 10 அன்று தொடங்கி 1959 சனவரியில் முடிந்தது. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கா, லூயி மால், குளோத் சப்ரோல் ஆகியோரின் முதற்படங்களிலும் பணியாற்றியவர். அரங்கம் அமைக்காமல் பாரிசின் உண்மையான தெருக்களிலும் நெருக்கமான குடியிருப்புகளிலும் படம் எடுக்கப்பட்டது. பெரும்பகுதி ஒலியின்றிப் படமாக்கப்பட்டு உரையாடல்கள் பின்னர் சேர்க்கப்பட்டன. இதற்கு முக்கியமான விதிவிலக்கு உளவியலாளர் காட்சியாகும். கேள்வி கேட்பவர் திரையில் தோன்றுவதே இல்லை. குரல் மட்டும் கேட்கின்றது. லியோவுக்கு எழுதிய வசனம் கொடுக்கப்படவில்லை. கேள்விகளுக்குத் தம் சொற்களிலேயே விடையளிக்குமாறு விடப்பட்டார். மேசையைத் தடவும் விரல்கள், தயங்கி எழும் சிரிப்பு ஆகியவை படிப்பித்து வருபவை அல்ல.

படம் ஆந்த்ரே பசானுக்குக் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. திரைப்பட இதழான கையே து சினேமாவை நிறுவியவர்களுள் ஒருவரான பசான், வழிதவறிய இளைஞனாக இருந்த துரூஃபோவை அரவணைத்து எழுத்தாளராக்கியவர். படப்பிடிப்பின் முதல் நாள் முடிந்த இரவில் அவர் வெண்குருதிப் புற்றுநோயால் இறந்தார். வயது 40.

தன்வரலாறும் சர்ச்சையும்

துரூஃபோ 1932 பிப்ரவரி 6 அன்று பாரிசில் பிறந்தார். அப்போது தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. பின்னர் தாயை மணந்த ரோலான் துரூஃபோ சிறுவனுக்குத் தம் பெயரை அளித்தார். பாட்டியிடம் வளர்ந்து, அவர் இறந்த பின்னரே சிறுவன் பெற்றோரிடம் வந்து சேர்ந்தான். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுத் திரையரங்குகளுக்கு நழுவினான். வராத காரணத்தைக் கேட்ட ஆசிரியரிடம், தந்தையைச் செருமானியர் கைதுசெய்துவிட்டனர் என்று சொன்னானாம். அது செருமானியர் பாரிசைப் பிடித்து வைத்திருந்த காலம். படத்தில் வரும் "அம்மா இறந்துவிட்டார்" என்ற பொய்யின் மூலம் இதுவே. நண்பன் ரெனே, துரூஃபோவின் பள்ளித் தோழர் ரொபேர் லஷ்னேயின் சாயலில் அமைந்தவன். துரூஃபோ தம் பதின்ம வயதில் தொடங்கிய திரைப்படக் கழகம் கடனில் மூழ்கியது. 1948 இறுதியில் ரோலான் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைக்க, வில்சுயிஃபில் இருந்த சிறார் மையத்திற்கு அனுப்பப்பட்டார். வில்சுயிஃப் பாரிசை ஒட்டிய புறநகர். அங்கே கடல் கிடையாது. கடல் படத்திற்காகச் சேர்க்கப்பட்டது.

இத்தனை ஒற்றுமைகள் இருக்கும்போது படத்தைப் பார்த்தவர்கள் அதை வாழ்க்கை வரலாறாகவே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. அது துரூஃபோவின் பெற்றோரை ஆழமாகப் புண்படுத்தியது. அவர்கள் உயிருடன், அதே நகரில், அண்டை அயலார் நடுவே வாழ்ந்து கொண்டிருந்தவர்கள். ரோலான் மலையேற்றத்தில் ஆர்வம் கொண்டவர். படத்தில் சூலியனுக்குச் சிற்றுந்துப் பந்தய ஆர்வம் கொடுக்கப்பட்டது. இவ்வளவு மெல்லிய திரை யாரையும் மறைக்கப் போதாது. படம் வெளியான வேளையில் துரூஃபோ ஆர் என்னும் வார இதழில் ஒரு மறுப்பை எழுதினார். தாம் தன்வரலாறு எழுதவில்லை என்றும், அந்துவான் சில வேளைகளில் தம்மை ஒத்திருந்தாலும் அவனது பெற்றோர் தம் பெற்றோரை ஒத்தவர் அல்லர் என்றும், தம் பெற்றோர் மிக நல்லவர்கள் என்றும் அதில் குறிப்பிட்டார். குடும்பத்தினருடன் ஏற்பட்ட விரிசல் இந்த மறுப்பால் ஆறவில்லை.

படம் பெற்றோருக்கு அநீதி இழைத்ததா என்னும் கேள்வி இன்றும் எழக்கூடியதே. ஆனால் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், அதில் கொடியவர் என்று எவரும் இல்லை. சூலியன் சிரிக்கவைக்கிறார், சமைக்கிறார், மகனின் பொய்களுக்கு ஓரளவு இடம் கொடுக்கிறார். மூவரும் திரைப்படம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பும் இரவு, படத்தின் மகிழ்ச்சியான சில நிமிடங்களுள் ஒன்று. தாயோ மிக இளம் வயதில் விரும்பாமல் தாயானவர். கருவைக் கலைக்க அம்மா எண்ணியதாகவும், பாட்டி தடுத்ததால்தான் தான் பிறந்ததாகவும் உளவியலாளரிடம் அந்துவான் சொல்கிறான். செய்தியைச் சொல்வது போலச் சொல்கிறான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. படத்தின் மற்ற காட்சிகள் அனைத்தையும் இவ்வொரு விடை மறுபடி எண்ணிப்பார்க்க வைக்கின்றது. தாயின் எரிச்சலுக்கும் அதன் பின்னர் ஒரு பொருள் கிடைக்கின்றது. துரூஃபோவின் பெற்றோருக்கு இது ஆறுதலாக இருந்திருக்காது. ஏனெனில் அந்த விடையும் அவர்கள் வீட்டிலிருந்து எடுக்கப்பட்டதே.

பெற்ற தந்தை யார் என்பதை அறியத் துரூஃபோ 1968 இல் ஒரு துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். ரோலான் லெவி என்ற யூதப் பல் மருத்துவரே அவர் எனத் தெரியவந்தது. துரூஃபோ அவரிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை.

வரவேற்பு

துரூஃபோ திரைப்பட விமரிசகராகப் பலரின் பகையைச் சம்பாதித்திருந்தவர். நாவல்களைத் தழுவி அரங்குகளுக்குள் மெருகுடன் எடுக்கப்படும் "தரமான" பிரெஞ்சுப் படங்களைத் தாக்கி 1954 இல் அவர் எழுதிய கட்டுரை பெரும் சலசலப்பை உண்டாக்கியது. கான் விழாவையும் அவர் விட்டுவைக்கவில்லை. இதனால் 1958 விழாவிற்குச் செய்தியாளராக வர அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டே அவரது படம் பிரான்சின் சார்பில் அதே விழாவின் போட்டிப் பிரிவிற்குத் தெரிவு செய்யப்பட்டது. 1959 மே 4 அன்று படம் திரையிடப்பட்டபோது கிடைத்த கைதட்டலும், வெளியே வந்த லியோவைக் கூட்டம் தூக்கிக் கொண்டாடியதும் அவ்விழாவின் வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றன. முதற்பரிசான தங்கப் பனை மார்செல் கம்யூவின் ஓர்ஃபே நேக்ரோவுக்குச் சென்றது. துரூஃபோவுக்குச் சிறந்த இயக்குனர் விருது கிடைத்தது. கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் பரிசையும் படம் பெற்றது.

1959 சூன் மாதம் பிரான்சில் வெளியான இப்படத்திற்கு அந்நாட்டில் மொத்தமாக 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்றுள்ளன. துரூஃபோவின் படங்களுள் பிரான்சில் மிகுதியானோர் பார்த்தது இதுவே. குறைந்த செலவில், பெயர்பெற்ற நடிகர் எவரும் முதன்மை வேடத்தில் இல்லாமல் எடுக்கப்பட்ட படம் இவ்வாறு ஓடியதைக் கண்ட தயாரிப்பாளர்கள், புதியவர்களை நம்பிப் பணம் போட முன்வந்தனர். சான்லூக் கொதாரின் முதற்படம் 1960 இல் வெளிவந்தது. அதன் மூலக்கதைக் குறிப்பை எழுதியவர் துரூஃபோ.

பாராட்டு ஒருமுகமாக இருந்தது எனக் கூறிவிட முடியாது. கையே து சினேமாவில் எழுதியவர்கள் தம் தோழரின் வெற்றியைத் தம் கொள்கையின் வெற்றியாகக் கொண்டாடினர். அதற்குப் போட்டி இதழான பொசித்தீஃப் புதிய அலை இயக்குனர்களைப் பொதுவாக ஐயத்துடனே நோக்கியது. பழமையைச் சாடியவர் எடுத்த படம் வடிவில் அவ்வளவு புரட்சிகரமானது அன்று என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. இதில் ஓரளவு உண்மை உண்டு. கதை நேராகச் செல்கின்றது, இசை இனிமையானது. கொதாரின் படத்தோடு ஒப்பிட்டால் இது அமைதியான படமே. ஆயினும் பெரும்பான்மைப் பார்வையாளர் இதனுள் எளிதாக நுழைய முடிந்ததற்கும் அதுவே காரணம்.

அமெரிக்காவில் படம் 1959 நவம்பரில் வெளியானது. நியூயார்க்கு திரைப்பட விமரிசகர் வட்டம் இதை அவ்வாண்டின் சிறந்த வெளிநாட்டுப் படமாகத் தெரிவு செய்தது. மூலத் திரைக்கதைக்கான ஆசுக்கர் விருதிற்குத் துரூஃபோவும் மூசியும் பரிந்துரைக்கப்பட்டனர். விருது பில்லோ டாக் என்ற நகைச்சுவைப் படத்திற்குப் போனது. பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடத்தும் விமரிசகர் வாக்கெடுப்பில் இப்படம் 2012 இல் 39 ஆம் இடத்தையும் 2022 இல் 50 ஆம் இடத்தையும் பெற்றது.

இறுதிக் காட்சி

அந்துவான் ஓடத் தொடங்கியதிலிருந்து படத்தில் பேச்சு இல்லை. அவனுக்கு இணையாக நகரும் ஒளிப்படக் கருவி நீண்ட நேரம் வெட்டில்லாமல் உடன் செல்கின்றது. காலடி ஓசையே பெரிதும் கேட்கின்றது. வழக்கமான படம் என்றால் கடலைக் கண்டதும் விடுதலை உணர்வுடன் முடிந்திருக்கும். இங்கோ கடல் ஓர் எல்லையாகவும் நிற்கின்றது: அதற்கு மேல் ஓட இடமில்லை. உறைந்த முகம் அச்சத்தையா, கேள்வியையா, குற்றச்சாட்டையா காட்டுகின்றது என்பதில் விமரிசகர்கள் உடன்பட்டதில்லை. காவல் நிலையத்தில் குற்றவாளிகளுக்கு எடுப்பது போல அந்துவானுக்கும் நிழற்படம் எடுக்கப்பட்டதை நினைவிற்கொண்டால், இந்த அசையாப் படத்திற்கு வேறொரு பொருளும் தோன்றும்.

துரூஃபோ இதில் தம் முன்னோடிகளுக்கு நன்றி சொல்லவும் தவறவில்லை. அந்துவானும் ரெனேயும் திரையரங்கச் சுவரிலிருந்து கிழித்தெடுக்கும் படம், இங்மார் பேர்க்மனின் மோனிகாவுடன் கோடை (1953) படத்தைச் சேர்ந்தது. அப்படத்தின் நாயகியும் ஓரிடத்தில் பார்வையாளரை நேராக நோக்குகிறாள். உடற்பயிற்சி ஆசிரியரின் பின்னே ஓடும் மாணவர்கள் ஒவ்வொருவராக நழுவி மறையும் காட்சி, சான் விகோவின் ஒழுக்கத்திற்குச் சுழியம் (1933) படத்திலிருந்து உரிமையுடன் எடுக்கப்பட்டதாகும்.

தொடர்ச்சி

அந்துவான் துவானெலின் கதை இத்துடன் நிற்கவில்லை. அதே லியோவைக் கொண்டு துரூஃபோ அந்துவானும் கொலெத்தும் (1962) என்ற குறும்படத்தையும், திருடிய முத்தங்கள் (1968), இல்லற வீடு (1970), ஓடும் காதல் (1979) ஆகிய படங்களையும் எடுத்தார். ஒரே நடிகர் ஒரே கதைமாந்தராக இருபது ஆண்டுகள் திரையில் வளர்ந்தது உலகத் திரைப்படத்தில் அரிது. பின்னைய படங்கள் இலகுவானவை, பெரும்பாலும் நகைச்சுவையானவை; முதற்படத்தின் கனம் அவற்றில் இல்லை.

துரூஃபோ 1984 அக்டோபர் 21 அன்று தமது 52 ஆவது வயதில் மூளைக் கட்டியால் இறந்தார். லியோவுக்கு 2016 கான் விழாவில் மதிப்புறு தங்கப் பனை வழங்கப்பட்டது. அதற்கு முன்பே தாய்வான் இயக்குனர் சாய் மிங்லியாங்கு தமது அங்கே மணி என்ன (2001) என்ற படத்தில் இவ்விருவரையும் ஒரு வகையில் இணைத்திருந்தார். அதில் தாய்ப்பே நகர இளைஞன் ஒருவன் இரவில் தன் அறையில் தனியாக லே கத்ர் சான் கூவைப் பார்க்கிறான். அந்துவான் பாலைத் திருடிக் குடிக்கும் காட்சி திரையில் ஓடுகின்றது. அதே படத்தில், பாரிசின் கல்லறைத் தோட்டம் ஒன்றிலுள்ள இருக்கையில் வயது முதிர்ந்த சான்பியர் லியோ அமர்ந்திருக்கிறார்.